குழாயில தண்ணி வராத நேரத்துல உள்ள என்ன நடக்குது?

2021 பிப்ரவரி. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் கடுங்குளிர். டல்லாஸ் பக்கம் இருக்கும் என் சித்தி மகன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான்.

"அண்ணே, ரெண்டு நாளா கரண்ட் இல்ல. குழாயெல்லாம் உறைஞ்சு போச்சு. பக்கத்து வீட்டுல பைப்பு வெடிச்சு சீலிங்ல இருந்து ஊத்துது. இப்போ என்னடான்னா, தண்ணி வந்தாலும் கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும்னு மெசேஜ் வந்திருக்கு. ஐஸ் ஆன தண்ணியில கிருமி எப்படிண்ணே வரும்?"

நல்ல கேள்வி. இதற்கான பதில் டல்லாஸ்காரர்களை விட ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்காரர்களுக்குத்தான் அதிகம் தேவை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குழாய் ஏன் வெடிக்கிறது?

தண்ணீர் ஐஸ் ஆகும்போது சுமார் 9 சதவீதம் பெரிதாகிறது. ஆனால் ஐஸ் கட்டிய இடத்திலேயேதான் குழாய் வெடிக்கும் என்று இல்லை. ஐஸ் ஒரு அடைப்பு மாதிரி வளரும். இந்தப் பக்கம் ஐஸ், அந்தப் பக்கம் மூடிய திருகுக் குழாய். நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீருக்குப் போக வழியில்லை. அழுத்தம் ஏறிக்கொண்டே போய் எங்கே பலவீனமோ அங்கே கிழிக்கும். அதனால்தான் குளிர் நாட்டில் கடுங்குளிர் இரவுகளில் குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்து வைக்கச் சொல்வார்கள். அழுத்தம் வெளியேற ஒரு வழி.

ஐஸ் இருக்கும்வரை ஓட்டை தெரியாது. வெயில் வந்து உருகியதும்தான் வீடெல்லாம் தண்ணீர்.

(இடையில் ஒன்று. அந்த வாரம் டெக்ஸாஸில் குளிர் தாங்காமல் கரி அடுப்பை வீட்டுக்குள் பற்றவைத்தும், மூடிய கராஜில் காரை ஓடவிட்டும் கார்பன் மோனாக்ஸைடு விஷம் ஏறி இறந்தவர்கள் உண்டு. ஊட்டி, கொடைக்கானலுக்குப் போய் அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்களின் செய்தி நம் பேப்பரிலும் வருகிறது. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, இருமல் வராது, தூக்கம் கலையாது. மூடிய அறையில் கரியோ விறகோ எரிக்கவே எரிக்காதீர்கள்.)

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம். ஐஸ் கிருமியை உண்டாக்காது. பிரச்சினை அழுத்தம்.

ஊர் முழுக்க ஆயிரக்கணக்கான வீடுகளில் குழாய் வெடிக்கிறது. இன்னும் லட்சக்கணக்கான வீடுகளில் சொட்டு விடுகிறார்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கரண்ட் இல்லை. மொத்தத்தில் தெருவில் புதைந்திருக்கும் மெயின் குழாயில் அழுத்தம் இறங்கிவிடுகிறது.

குழாயில் அழுத்தம் இருக்கும்வரை ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியேதான் பீய்ச்சும். வெளியில் இருக்கும் அழுக்கு உள்ளே வர முடியாது. அழுத்தம் போய்விட்டால், அதே ஓட்டை வழியாகச் சுற்றியிருக்கும் ஈர மண்ணின் தண்ணீர், சாக்கடைக் கசிவு எல்லாம் உள்ளே வரும்.

டெக்ஸாஸ் விதிப்படி குழாய் அழுத்தம் 20 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போனாலே 'கொதிக்க வைத்துக் குடியுங்கள்' என்று அறிவிக்க வேண்டும். அழுக்கு கலந்தது என்று நிரூபணம் ஆகும்வரை காத்திருக்கக் கூடாது. அழுத்தம் இறங்கியதே போதும். அந்த வாரம் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த அறிவிப்பு போனது.

20 பி.எஸ்.ஐ. என்றால் எவ்வளவு? கார் டயருக்கு 30 சொச்சம் அடிக்கிறோம். அதைவிடக் குறைவு. சுமார் 14 மீட்டர் உயரத்தில் இருக்கும் தொட்டித் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம்.

நம்மூருக்கு வருவோம்.

மார்கழி மாதம் விடியற்காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு ஆண்டாள் கோயிலுக்குப் போகிறவர்கள் நடுங்குவார்கள், உண்மைதான். ஆனால் குழாய் உறைகிற அளவுக்குக் குளிர் நமக்கு எந்த ஜென்மத்திலும் கிடையாது. நம் குழாய் உறைவதில்லை, காலியாகிறது.

எத்தனை நாளைக்கு ஒருமுறை உங்கள் தெருவில் நல்ல தண்ணி வருகிறது? எங்கள் பக்கம் பல தெருக்களில் இன்னும் முறை வைத்துத்தான் விடுகிறார்கள். வால்வைத் திறந்தால் ஒன்றிரண்டு மணி நேரம். மூடினால் அடுத்த முறை வரும்வரை அந்தக் குழாயில் அழுத்தம் பூஜ்யம்.

அதாவது டெக்ஸாஸில் எந்த நிலைமை வந்ததும் அவசர அறிவிப்பு கொடுத்தார்களோ, அதுதான் நம் தெருக் குழாயின் அன்றாட நிலைமை. நமக்கு யாரும் மெசேஜ் அனுப்புவதில்லை. அனுப்புவதென்றால் வருடம் முழுக்க அனுப்ப வேண்டும்.

மலையிலிருந்து இறங்கி ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் சேரும் தண்ணீரோ, தாமிரபரணியிலிருந்து வரும் தண்ணீரோ, குளோரின் கலந்துதான் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறுகிறது. அதில் நோய் வருவது பெரும்பாலும் கடைசி ஐம்பது அடியில். தெரு மெயினில் இருந்து உங்கள் வீட்டுக்கு வரும் அந்த ஒல்லிக் குழாய் எந்த வழியாக வருகிறது என்று என்றாவது குனிந்து பார்த்திருக்கிறீர்களா?

முக்கால்வாசி வீடுகளில் வாறுகாலைத் தாண்டித்தான் வரும். சில இடங்களில் வாறுகாலுக்கு உள்ளேயே கிடக்கும்.

அடுத்தது குழி. வெளியூர் நண்பர்களுக்கு இது புரியாது, நம்மாட்களுக்கு உடனே புரியும். அழுத்தம் போதவில்லை, குழாயில் தண்ணீர் ஏறவில்லை. என்ன செய்வோம்? வாசலில் இரண்டடி, மூன்றடிக்குக் குழி தோண்டி, குழாயை ரோட்டு மட்டத்துக்குக் கீழே இறக்கி, குழிக்குள் குடத்தை வைத்துப் பிடிப்போம். மேலே ஒரு கடப்பாக்கல் மூடி.

மழை பெய்தால் அந்தக் குழி நிறையும். வாசல் கழுவிய தண்ணீர், கோழி எச்சம், பிள்ளை ஒன்றுக்கு இருந்தது எல்லாம் அதில்தான். குழாயின் வாய் அந்தத் தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கும். மூடித் திருகும் குழாயும் பல குழிகளில் இருக்காது. மெயினில் வால்வை மூடியதும், குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீர் பள்ளத்தில் இருக்கும் வீட்டை நோக்கி வடியும். அப்படி வடியும்போது மேட்டில் இருக்கும் குழித் தண்ணீரைப் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போகும். டியூப் வைத்து டேங்கில் இருந்து பெட்ரோல் எடுத்திருப்பீர்களே, அதே தத்துவம்தான்.

இதற்கு மேல் மோட்டார்.

தெருக் குழாயில் நேரடியாக அரை ஹெச்.பி. மோட்டாரை மாட்டி உறிஞ்சுவது தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். ஆள் வந்து பிடித்தால் மோட்டாரைப் பறிமுதல் செய்வார்கள், இணைப்பைத் துண்டிப்பார்கள் என்றும் தெரியும். பொதுவாகச் சொல்லப்படும் காரணம், பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் கிடைக்காது என்பது. மருத்துவனாக எனக்குத் தெரியும் காரணம் வேறு. தண்ணீர் வரும் அந்த ஒன்றிரண்டு மணி நேரம்தான் குழாயில் கொஞ்சமாவது அழுத்தம் இருக்கும் நேரம். மோட்டார் போட்டால் அப்போதும் அழுத்தம் பூஜ்யத்துக்குக் கீழே போகும். வெறுமனே கசிந்து வந்த சாக்கடையை இப்போது நாம் கரண்ட் செலவு செய்து உறிஞ்சுகிறோம். அது மோட்டார் வைத்தவர் வீட்டுக்கு மட்டும் போவதில்லை. இடையில் இருக்கும் எல்லா வீட்டுக்கும் போகிறது.

சில வருடங்களுக்கு முன் நடந்தது. அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கு வேலைக்குப் போகிற பெண். எட்டாம் மாதக் கர்ப்பிணி. ஒரு வாரமாகச் சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல். "மாசமா இருக்கால்ல சார், அதான்னு நெனச்சோம்" என்றார் மாமியார். கண் நல்ல மஞ்சள். கேள்வி கேட்டால் பதில் கொஞ்சம் தாமதமாக வந்தது. அந்தத் தாமதம்தான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

ஆம்புலன்ஸில் ஏற்றி மதுரைக்கு அனுப்பினோம். ஹெபடைடிஸ் ஈ. அந்தப் பெண் பிழைத்துவிட்டார். குழந்தை பிழைக்கவில்லை.

ஹெபடைடிஸ் ஈ வைரஸ் சாக்கடை கலந்த தண்ணீர் மூலமாகத்தான் பெரும்பாலும் பரவும். மற்றவர்களுக்கு வந்தால் சில வாரம் படுத்தி எடுத்துவிட்டுத் தானாகப் போய்விடும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வந்தால், ஐந்தில் ஒருவர், நான்கில் ஒருவர் வரைகூட இறந்துபோகலாம்.

அதே தெருவில் இருந்து அந்த மாதம் இன்னும் இரண்டு பேர் மஞ்சள் காமாலையோடு ஓபிக்கு வந்தார்கள். சுகாதார ஆய்வாளரோடு போய்ப் பார்த்தோம். வரிசையாகக் குழிகள். வாறுகாலுக்குள் கிடந்த ஒரு குழாயின் இணைப்பில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அதன் மேல் கருப்பாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வீடு தள்ளி ஒரு மோட்டார். குளோரோஸ்கோப்பில் தெருவின் தொடக்கத்து வீட்டில் லேசான மஞ்சள் நிறம் வந்தது, அதாவது குளோரின் இருக்கிறது. அந்தப் பெண்ணின் வீட்டில் நிறமே வரவில்லை. உள்ளே வந்த அழுக்கு குளோரினைத் தின்றுவிட்டது.

அந்தத் தெருவில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது: "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு சார்." இருந்தது, நானும் பார்த்தேன். அது நாங்கள் போன நாளின் தண்ணீர். ஹெபடைடிஸ் ஈ கிருமி உடம்புக்குள் போய் நோயாக வெளிப்படச் சராசரியாக 40 நாள் ஆகும். ஹெபடைடிஸ் ஏ என்றால் ஏறக்குறைய 4 வாரம். டைபாய்டு என்றால் ஒன்றிலிருந்து இரண்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும். இன்று கண் மஞ்சளாக வருபவர் குடித்தது போன மாதத் தண்ணீர். இன்றைய தண்ணீரைக் கிளாஸில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை.

1955 டிசம்பரில் டெல்லியில் இதுதான் பெரிய அளவில் நடந்தது. வெள்ளத்துக்குப் பிறகு யமுனை திசை மாறி, குடிநீர் எடுக்கும் வஜிராபாத் பகுதிக்குச் சாக்கடை வந்துவிட்டது. குளோரினைக் கூட்டிக் கலந்தார்கள். டைபாய்டு, வயிற்றுக்கடுப்பு கூடவில்லை. ஆனால் சில வாரங்கள் கழித்து மஞ்சள் காமாலை வெடித்தது. ஏறத்தாழ 29,000 பேருக்கு. பாக்டீரியா செத்தது, வைரஸ் தப்பித்தது. அப்போது எடுத்து வைத்த ரத்த மாதிரிகளைப் பல வருடம் கழித்துப் பரிசோதித்துத்தான் இது ஹெபடைடிஸ் ஏ அல்ல, வேறொன்று என்று கண்டுபிடித்தார்கள். இன்று அதன் பெயர் ஹெபடைடிஸ் ஈ.

"24 மணி நேரமும் தண்ணி வந்தா எல்லாம் சரியாயிடுமா டாக்டர்?"

கர்நாடகாவின் ஹூப்ளி-தார்வாடில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒரே ஊரில் சில வார்டுகளுக்கு 24 மணி நேரமும் தண்ணீர், மற்ற வார்டுகளுக்கு முறை வைத்து. ஏறத்தாழ 4000 வீடுகளைத் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியிட்டார்கள். எப்போதும் தண்ணீர் வரும் வார்டுகளில் டைபாய்டு வந்ததாகச் சொன்ன வீடுகள் 42 சதவீதம் குறைவு. ஏழை வீடுகளில் குழந்தைகளின் ரத்தபேதியும் குறைந்தது. சாதாரண வயிற்றுப்போக்கில் மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை. அதற்குக் கை கழுவுவது, கழிப்பறை, ஈ என்று வேறு பல வழிகள் இருக்கின்றன. ஆக எல்லாம் சரியாகாது. ஆனால் பாதிக்குப் பாதி டைபாய்டு குறைந்தால் என் ஓபியில் எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதுண்டு.

ஒடிசாவின் பூரியில் 2021 ஜூலையில் குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். நம் நாட்டில் முடியாத காரியம் இல்லை. அது நம் தெருவுக்கு வரும்வரை நம் வீட்டு அளவில் என்ன செய்யலாம்?

தண்ணீர் திறந்துவிட்டதும் வரும் முதல் சில நிமிடத் தண்ணீர்தான் மோசமானது. இத்தனை நாள் காலிக் குழாயில் சேர்ந்ததை எல்லாம் அதுதான் கழுவிக்கொண்டு வரும். "தண்ணி வந்துருச்சு" என்றதும் ஓடிப்போய் முதலில் குடிக்கிற குடத்தை வைக்கிறோம் பாருங்கள், அதைத் தலைகீழாக மாற்ற வேண்டும். முதல் தண்ணீர் பாத்ரூம் வாளிக்கு, செடிக்கு. நிறமும் வாடையும் போன பிறகு குடிக்கிற குடம்.

குழாயில் ஓஸ் மாட்டி, அதன் நுனியைத் தொட்டித் தண்ணீருக்குள் முங்கவிடாதீர்கள். வால்வை மூடும்போது உங்கள் தொட்டித் தண்ணீரே தெருக் குழாய்க்குத் திரும்பிப் போகும். நுனி எப்போதும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். குழியில் குழாய் வைத்திருந்தால் மூடித் திருகும் குழாயாக வையுங்கள். குழியில் நிற்கும் தண்ணீரை அவ்வப்போது இறைத்து விடுங்கள்.

மோட்டாரைக் கழற்றுங்கள். தரைத்தொட்டியில் தானாக விழும் தண்ணீரை மேல் தொட்டிக்கு ஏற்ற மோட்டார் வைப்பது வேறு. நான் சொல்வது தெருக் குழாயில் நேரடியாக மாட்டியதை.

சுட வைப்பது வேறு, கொதிக்க வைப்பது வேறு. "சுடுதண்ணிதான் சார் குடிக்கோம்" என்பார்கள். எப்படி என்று கேட்டால், வெதுவெதுப்பாக ஆனதும் இறக்கி வைப்பார்கள். தளதளவென்று குமிழி வந்து ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும். பிறகு மூடி வைத்துத் தானாக ஆறவிட வேண்டும். "ரொம்பச் சூடா இருந்துச்சுன்னு கொஞ்சம் பச்சைத் தண்ணி ஊத்திக்கிட்டேன்" என்றால் கேஸ் போனதுதான் மிச்சம்.

தொட்டித் தண்ணீருக்குக் குளோரின். எம்பிபிஎஸ் மூன்றாம் வருடத்தில் மனப்பாடம் செய்த அளவு: தெளிந்த தண்ணீர் 1000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் சுமார் 2.5 கிராம். அதை ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும், மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் கழித்துத்தான் பயன்படுத்த வேண்டும். கலங்கல் தண்ணீரில் குளோரின் வேலை செய்யாது. வருடக்கணக்கில் மூடாமல் கிடந்த பவுடரிலும் ஒன்றும் இருக்காது. தண்ணீரில் லேசாகக் குளோரின் வாடை வந்தால் முகம் சுளிக்காதீர்கள். எனக்கு அது நிம்மதி தரும் வாடை.

கேன் தண்ணீர் வாங்குகிறவர்கள், கேனை யார் எப்போது கழுவினார்கள் என்று பாருங்கள். அந்தத் தண்ணீரில் குளோரின் இருக்காது. உள்ளே அழுக்கு போனால் தடுக்க ஆளில்லை.

வயிற்றுப்போக்கு வந்தால் முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். கையில் இல்லையென்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பிள்ளைகளுக்கு ஜிங்க் மாத்திரை 14 நாள். மூன்றாம் நாளே நின்றுவிட்டது என்று நிறுத்தாதீர்கள்.

காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே லேபுக்குப் போய் "வைடால் எடுத்துட்டேன் சார், டைபாய்டாம்" என்று வராதீர்கள். நம்மூர் மாதிரி இடங்களில் அந்த டெஸ்ட் பல நேரம் தப்பான பாசிட்டிவ் காட்டும். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் எடுக்கும் ரத்த கல்ச்சர்தான் நம்பகமானது. டைபாய்டுக்குத் தடுப்பூசி இருக்கிறது, குழந்தைக்கு 9 மாதத்துக்கு மேல் போடலாம். மருத்துவரிடம் கேளுங்கள்.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுத்துச் சரியானது என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். ஹெபடைடிஸ் ஏயும் ஈயும் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் கொடுக்காவிட்டாலும் சரியாகிவிடும். அந்தப் பெயரைக் கீழாநெல்லி தட்டிக்கொண்டு போகிறது. சரியாகாத அந்தச் சிலர் யார் என்று கண்டுபிடிக்கத்தான் மருத்துவமனைக்கு வரச் சொல்கிறோம். கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் அன்றைக்கே வர வேண்டும். அதோடு பேச்சுக் குழறல், பகலெல்லாம் தூக்கம், எங்கிருந்தாவது ரத்தக் கசிவு என்றால், கர்ப்பிணியோ இல்லையோ, 108ஐக் கூப்பிடுங்கள்.

ஓபிக்கு வரும்போது இரண்டு விஷயம் சொல்லுங்கள். வீட்டில், தெருவில் வேறு யாருக்காவது இதே மாதிரி இருக்கிறதா? குடிப்பது எந்தத் தண்ணீர்? ஒரே தெருவில் இருந்து இரண்டு பேர் என்றால் எங்கள் கணக்கில் அது காய்ச்சல் இல்லை, குழாய். சுகாதார ஆய்வாளருக்குத் தகவல் போகும், தண்ணீர் மாதிரி எடுப்பார்கள், வாறுகாலுக்குள் கை விட்டுத் தேடுவார்கள். அதற்கு எனக்கு வேண்டியது உங்கள் தெருப் பெயர் மட்டும்தான். நான் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லிவிடுங்கள், சீட்டிலேயே எழுதிக்கொள்கிறேன்.